மருந்து கொடுத்த பிறகு

அமெரிக்க ஐக்கிய நாட்டில், டென்னஸி ராஜ்யத்தைச் சேர்ந்த நாஷ்வில் நகரக் கோர்ட்டில், 2022-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதியன்று ஒரு நர்ஸைக் குற்றவாளியென்று ஜூரிகள் தீர்மானித்தனர். ஒரு மருந்துக்குப் பதிலாக மற்றொரு மருந்தை அவர் நோயாளியின் இரத்தக் குழாயில் ஏற்றிவிட்டார், நோயாளி இறந்துபோனார். தவறு நேர்ந்ததை அன்றே தம் வாயால் ஒப்புக்கொண்டவரும் அந்த நர்ஸே. வேறு தேசத்தில், வேறு சட்டத்தின் கீழ் நடந்த விஷயத்தை நாம் ஏன் இங்கே எடுத்துப் பேசவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இராப்பகலாக உழைக்கும் நர்ஸுகள் ஒவ்வொருவரும் நாள்தோறும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் உயிரை ஒப்புவித்துப் படுத்திருப்பவர்கள் நம் ஜனங்கள். அந்த வழக்கில் வெளிப்பட்டவற்றுள் பத்திரிகைகள் அதிகமாகப் பேசாத ஓர் அம்சமும் உண்டு. அதைச் சொல்லுமுன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

2017-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி. இடம், பெயர்பெற்ற வாண்டர்பில்ட் சர்வகலாசாலை ஆஸ்பத்திரி. மூளையில் இரத்தக் கசிவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த 75 வயது மூதாட்டி ஒருவர் தேறிவந்த நிலையில், படம் பிடிக்கும் யந்திரத்துக்குள் செலுத்தப்பட இருந்தார். அடைபட்ட இடம் என்றால் அவருக்கு அச்சம். அச்சம் தணிய 'வெர்ஸெட்' என்ற மருந்தைக் கொடுக்கும்படி டாக்டர் உத்தரவிட்டார். மருந்து வைக்கும் அலமாரியோ கம்ப்யூட்டரால் இயங்குவது. பெயரின் முதல் எழுத்துக்களைத் தட்டினால் அறை திறக்கும். நர்ஸ் முதல் இரண்டு எழுத்துக்களைத் தட்டினார். வெர்ஸெட் என்பது வியாபாரப் பெயர். அலமாரிக்குத் தெரிந்ததோ மிடாஸோலம் என்ற பொதுப் பெயர். ஆகவே மருந்து கிடைக்கவில்லை. அவசரத்துக்கென்று ஏற்பட்ட விலக்கு வழியைப் பயன்படுத்தி மறுபடியும் அதே எழுத்துக்களைத் தட்டியபோது, 'வெக்குரோனியம்' என்ற மருந்து வந்தது. அதை எடுத்துச் சென்று செலுத்திவிட்டார்.

வெக்குரோனியம் என்பது சாமானிய மருந்தன்று. சத்திர சிகிச்சையின்போது உடம்பின் தசைகளையெல்லாம் செயலற்றுக் கிடக்கச் செய்வதற்காக, செயற்கைச் சுவாசத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டே கொடுக்கப்படுவது. கை அசையாது, கண் திறவாது, மூச்சு நிற்கும். ஆனால் ஸ்மரணை தப்பாது. வாய் திறந்து கூவவும் இயலாத அந்த நிலைமையில் ஓர் உயிர் பிரிந்ததை எண்ணும்போது நம் நெஞ்சம் நடுங்குகிறது.

நர்ஸின் பேரில் பிழை இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. வெர்ஸெட் திரவமாக வருவது. வெக்குரோனியமோ பொடி, அதை நீர் விட்டுக் கரைக்கவேண்டும். குப்பியின் மூடியிலேயே தசைகளை முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. பொடியைக் கண்டபோதே கை தயங்கியிருக்கவேண்டும். சர்க்கார் தரப்பு வக்கீல்கள் இவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்டினர். எதிர்த்தரப்பினரோ, ஆஸ்பத்திரியில் அப்பொழுதுதான் புதிய கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்திருந்ததென்றும், அதில் தாமதம் மிகுந்தமையால் விலக்கு வழியைப் பயன்படுத்துவது அந்நாட்களில் எல்லோருக்கும் அன்றாட வழக்கமாகவே இருந்ததென்றும் வாதித்தனர். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

நாம் சொல்லவந்த அம்சம் இனித்தான் வருகிறது. மருந்து செலுத்தப்பட்ட பிறகு அந்த மூதாட்டியை ஒருவரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. சுமார் அரைமணி நேரம் கழித்து அவரை வேறிடத்துக்குக் கொண்டுபோக வந்த சிப்பந்தியே அவர் மூச்சற்றுக் கிடப்பதைக் கண்டார். வெக்குரோனியம் கொடுத்தது தவறு; ஒப்புக்கொள்வோம். டாக்டர் உத்தரவிட்ட மிடாஸோலமே செலுத்தப்பட்டிருந்தால்தான் என்ன? அதுவும் இரத்தக் குழாய் வழியாகச் சென்றால் சுவாசத்தை மந்தப்படுத்தக்கூடியதே. அதைக் கொடுத்த பின்னரும் பக்கத்தில் ஒருவர் நின்று மூச்சை எண்ணவேண்டும். விரலில் பிராணவாயு அளவைக் காட்டும் கருவியை மாட்டவேண்டும். மத்திய சர்க்காரின் அதிகாரிகள் 2018-ல் வந்து விசாரித்தபொழுது, இத்தகைய அபாய மருந்துகளைக் கொடுத்த பின் நோயாளியை எவ்விதம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கவனிக்கவேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதிகளில் சொல்லப்படவே இல்லை என்று கண்டார்கள். சரியான மருந்து சரியான குழாயில் சென்றிருந்தாலும் அந்த அரைமணி நேரம் காவலற்ற நேரமாகவே இருந்திருக்கும்.

நர்ஸுகளுக்குப் பாடசாலையில் முதலில் கற்பிக்கப்படுவது ஐந்து 'சரி'கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான வேளை. நல்ல விதிகளே. ஆயினும் இவ்வைந்தும் மருந்து உள்ளே செல்லும்வரையில் உள்ள விஷயங்கள். உள்ளே சென்ற மருந்து என்ன செய்கிறது என்பதைப் பார்த்திருப்பதே தாதித் தொழிலின் உயிர்நிலை. டாக்டர் வார்டைச் சுற்றிப்பார்த்துப் போய்விடுகிறார். மருந்தாளர் தம் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறார். கட்டிலருகே இருபத்துநான்கு மணி நேரமும் மாறிமாறி நிற்பவர் நர்ஸ் ஒருவரே.

இதற்கு நம் பிரசவ வார்டுகளிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறிக் கை கால் வீங்கி, கடைசியில் வலிப்பு வந்து தாயும் சேயும் மாண்டுபோவது உண்டு. இதைத் தடுக்கும் மருந்து மாக்னீஸியம் ஸல்பேட். பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். நம் பாட்டனார் காலத்தில் வயிறு சுத்தமாகக் குடித்தார்களே, அந்தப் பேதியுப்பேதான்! சுத்திசெய்து ஊசிமருந்தாக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் பிரிட்சார்டு என்ற அமெரிக்க வைத்தியர் 1955-ல் வெளியிட்ட முறையை ஒட்டியே இன்றும் நம் நாட்டில் பல இடங்களில் கொடுக்கப்பட்டு வருகிறது. 33 நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகளைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. வலிப்பு வருவதை இம்மருந்து பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அதில் நிரூபணமாயிற்று. விலையோ மிக மலிவு. ஏழைத் தேசத்துக்கு இதைவிட உற்ற துணை வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே உப்பு இரத்தத்தில் மிகுந்துவிட்டால் ஆளைக் கொல்லும். கொல்லுமுன் அது படிப்படியாக அடையாளம் காட்டுகிறது என்பதுதான் ஆச்சரியம். முதலில் முழங்காலின் துள்ளல் மறைகிறது. சிப்பியின் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறும் அல்லவா? அது உதறாது. அந்த அளவையும் தாண்டினால் சுவாசம் தளர்ந்து நிற்கும். அதையும் தாண்டினால் இதயம் நிற்கும். உடம்பிலிருந்து இவ்வுப்பை வெளியேற்றுவது சிறுநீரகம். இந்நோயில் கெடுவதும் பெரும்பாலும் சிறுநீரகமே. ஆதலின் சிறுநீர் குறைந்தால் உப்பு உள்ளே தங்கிப் பெருகும். ஆகையால் ஒவ்வொரு வேளை மருந்துக்கும் முன்பு நர்ஸ் மூன்று விஷயங்களைப் பார்க்கவேண்டும் என்று விதி ஏற்பட்டது. முழங்கால் துள்ளுகிறதா? மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா? சென்ற நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லி லிட்டராவது இறங்கியிருக்கிறதா? மூன்றில் ஒன்று தவறினாலும் அவ்வேளை மருந்தை நிறுத்தி டாக்டரை அழைக்கவேண்டும். மாற்று மருந்தான கால்ஸியம் குளுக்கோனேட் ஒரு கிராம் பக்கத்திலேயே தயாராக இருக்கவேண்டும். ஒரு சுத்தியல், ஒரு கடிகாரம், ஓர் அளவுச் சாடி: இவ்வளவே இதற்கு வேண்டிய கருவிகள். லட்ச ரூபாய் யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வேண்டியது நான்கு மணிக்கு ஒருமுறை அந்தக் கட்டிலருகே வந்து நிற்க ஒரு மனிதர். அவருக்கு அதற்கான அவகாசம்.

ஒவ்வொரு மருந்துக்கும் இப்படி ஒரு காவல் உண்டு. டிஜாக்ஸின் கொடுக்குமுன் ஒரு நிமிஷம் முழுவதும் இதயத் துடிப்பை எண்ணவேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தவேண்டும். அந்த மருந்துக்கு மூலமான செடியை ஆராய்ந்து 1785-ல் நூல் எழுதிய இங்கிலீஷ் வைத்தியர் விதரிங், வாந்தியும், பார்வை மஞ்சளித்தலும், நாடி தளர்தலும் அளவு மீறியதற்கு அடையாளங்கள் என்று அப்பொழுதே குறித்து வைத்தார். மார்பைன் கொடுத்தால் மூச்சையும் மயக்கத்தையும் பார்க்கவேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிப்பதோடு, பல் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் காண்கிறதா என்று கேட்கவும் வேண்டும். ஜென்டாமைஸின் காதையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இவற்றை விரித்தால் புஸ்தகமாகும்.

இன்ஸுலினைப் பற்றி மட்டும் சற்று நிறுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் இது ஆஸ்பத்திரியோடு நிற்காமல் நம் வீடுகளுக்குள்ளேயும் வந்துவிட்டது. நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்ஸுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் வீரியமுள்ளது. பேனா வடிவக் கருவிகளிலும் அவற்றில் செருகும் குழல்களிலும் வருவதோ 100 யூனிட். அதற்கேற்ப ஊசிக் குழாய்களும் இரண்டு தினுசு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய குழாயில் உறிஞ்சினால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. பத்து யூனிட் என்று நினைத்துப் போட்டது இருபத்தைந்து யூனிட்டாகிவிடும். பேனா கெட்டுப்போய்விட்டதென்று அதன் குழலிலிருந்து சாதாரண ஊசியால் மருந்தை எடுத்துப் போடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது பெரும் அபாயம். மாறாக, 40 யூனிட் மருந்தை 100-க்குரிய குழாயில் எடுத்தால் ஐந்தில் இரண்டு பங்குதான் உள்ளே செல்லும். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவை ஏற்றுவார். பின்னொரு நாள் சரியான குழாய் கைக்கு வந்ததும் விபத்து நேரும். எழுதும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. யூனிட் என்பதற்கு இங்கிலீஷில் 'யு' என்ற ஒற்றை எழுத்தை எண்ணையடுத்து அவசரமாகக் கிறுக்கினால் அது பூஜ்யம் போலத் தோன்றும். 10 யூனிட் 100 ஆகும். யூனிட் என்று முழுமையாகவே எழுதவேண்டும் என்று நிபுணர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

இன்ஸுலின் போட்ட பிறகு நோயாளி சாப்பிட்டாரா என்று பார்ப்பதும் காவலில் சேர்ந்ததே. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குளறல் கண்டால் உடனே சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும். 70-க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

நம் நாட்டுக்கே உரிய மற்றொரு சங்கடம் பெயர். ஒரு வார்டில் மூன்று லக்ஷ்மிகளும் நான்கு முருகன்களும் இருப்பார்கள். மேல்நாட்டாரைப் போல நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றே வித்தியாசம். சீட்டில் அது விடுபட்டுப் போவதும் உண்டு. இதோடு நம் ஜனங்களின் மரியாதை வேறு சேர்ந்துகொள்கிறது. “நீங்கள்தானே லக்ஷ்மி?” என்று வெள்ளை உடை தரித்தவர் கேட்டால், காது சரியாகக் கேளாவிட்டாலும், “ஆமாம் சிஸ்டர்” என்று சொல்லிக் கையை நீட்டுகிற பாட்டிமார்கள் எத்தனை பேர்! ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்பது உதவாது. “உங்கள் பெயர் என்ன, பாட்டி? உங்கள் தகப்பனார் பெயர் என்ன?” என்று கேட்டு, அவர் வாயால் வந்ததைக் கைப்பட்டையில் உள்ள பெயரோடும் எண்ணோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். கைப்பட்டை இல்லாத வார்டில் அதை ஏற்படுத்துவதற்கு ஆகும் செலவு அற்பம்.

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டாமா? இங்கேதான் நர்ஸுகளுக்கு உபதேசம் செய்வதை நிறுத்திவிட்டு, சர்க்காரையும் தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகளையும் நோக்கிப் பேசவேண்டியிருக்கிறது. வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், இதர பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்து வைத்தது. இந்த விகிதம் காகிதத்தில் இருக்கிறது. இராத்திரி பத்து மணிக்கு நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் எந்த வார்டுக்காவது போய்ப் பார்ப்பவருக்கு, காகிதத்துக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரம் விளங்கும். கட்டிலுக்கு ஒருவர், கட்டிலின் கீழே பாயில் ஒருவர் என்று படுத்திருக்கும் இடத்தில் நாற்பது பேருடைய நாடியை ஒரு பெண் எப்படி எண்ணுவாள்?

இதனால் விளையும் தீங்கு வெறும் ஊகமன்று. பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து, லிண்டா ஐக்கன் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 2002-ல் வெளியிட்ட முடிவு உலகப் பிரசித்தம். ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் ஏறியது என்று அவர்கள் கண்டனர். காலிபோர்னியா ராஜ்யத்தார் இதற்கென்று 1999-ல் சட்டமே இயற்றி, 2004 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நம் மாகாணத்தில் படித்துப் பட்டம் பெற்ற நர்ஸுகளுக்குப் பஞ்சம் இல்லை. அரபு தேசங்களும் இங்கிலாந்தும் அவர்களை அழைத்துச் சென்ற வண்ணம் இருக்கின்றன. இங்கேயோ தாற்காலிக உத்தியோகம், சொற்பச் சம்பளம்.

ஆள் குறைந்த இடத்தைத் தற்போது நிரப்பி வருபவர்கள் நோயாளியின் உறவினர்கள். இது மேல்நாட்டில் காணாத நம் பாக்கியம் என்றே சொல்லுவோம். “சிஸ்டர், பாட்டில் தீர்ந்துவிட்டது” என்று ஓடிவந்து சொல்லுகிற தாயோ தமக்கையோ இல்லாத கட்டில் நம் வார்டுகளில் அபூர்வம். அவர்களை வாசலில் நிறுத்தி விரட்டுவதற்குப் பதிலாக, இன்ன மருந்து ஏறுகிறது, இன்ன அடையாளம் கண்டால் உடனே கூப்பிடுங்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லிவைக்கலாம். அவர்கள் நர்ஸுக்கு ஈடாகமாட்டார்கள். நர்ஸுக்கு இன்னொரு கண்ணாகலாம்.

மறுபடியும் நாஷ்வில் வழக்குக்கு வருவோம். தவறு நேர்ந்தவுடன் நர்ஸ் உள்ளபடி சொன்னார். ஆஸ்பத்திரி என்ன செய்தது? அவரை வேலையிலிருந்து நீக்கியது. மரணத்துக்குக் காரணம் மூளையின் இரத்தக் கசிவு என்றே முதலில் பதிவாயிற்று. சர்க்காருக்கு விஷயம் தெரிந்தது, மறு வருஷம் பெயர் குறிப்பிடாத ஒருவர் எழுதிய கடிதத்தின் மூலம். 2019-ல் நர்ஸ் மீது கிரிமினல் வழக்கு. 2021-ல் அவருடைய லைசென்ஸ் பறிபோயிற்று. 2022 மே மாதம் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை. ஆஸ்பத்திரியின் மீது கிரிமினல் வழக்கு எதுவும் இல்லை. சொன்னவருக்குத் தண்டனை, மறைத்தவருக்கு மன்னிப்பு என்றால், அடுத்த தவறைச் சொல்ல யார் முன்வருவார்? பக்கத்து ராஜ்யமான கென்டகி இதை உணர்ந்து, மிகக் கொடிய அஜாக்கிரதையும் வேண்டுமென்றே செய்த தீங்கும் நீங்கலாக, சிகிச்சையில் நேரும் பிழைக்காக வைத்தியத் தொழிலாளரைக் கிரிமினல் கோர்ட்டுக்கு இழுக்கலாகாது என்று 2024-ல் சட்டம் செய்தது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை நேயர்கள் அவசியம் அறியவேண்டும். பழைய இந்தியப் பீனல் கோடின் 304-ஏ பிரிவின்படி, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தவருக்கு, யாராயினும், இரண்டு வருஷம் வரை சிறை. 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கடுமையான அஜாக்கிரதை இருந்தாலொழிய வைத்தியர் மீது கிரிமினல் நடவடிக்கை கூடாதென்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸன்ஹிதையின் 106-வது பிரிவு இந்தத் தண்டனையை ஐந்து வருஷமாக உயர்த்தியது. ஆனால் ரிஜிஸ்தர் செய்யப்பட்ட வைத்தியர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்ததானால் இரண்டு வருஷத்துக்கு மேற்படாது என்று ஒரு விலக்குக் கொடுத்தது. வைத்தியர் யார்? தேசிய வைத்தியக் கமிஷன் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்று, வைத்தியர் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நர்ஸின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. அவருடைய பதிவேடு வேறு. ஆகவே உத்தரவை எழுதிய டாக்டருக்கு இரண்டு வருஷம், அதை நிறைவேற்றிய நர்ஸுக்கு ஐந்து வருஷம் என்ற விபரீதம் சட்டப் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறது. வைத்தியர்களுக்குக் கொடுத்த சலுகையை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஒரே கட்டிலருகே, ஒரே உயிரைக் காக்க நிற்கும் இருவரில் அதிகாரத்திலும் ஊதியத்திலும் தாழ்ந்தவருக்கு அதிகத் தண்டனை என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? சட்டம் வகுத்தவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்று நாம் கருதவில்லை. நர்ஸை அவர்கள் நினைக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இதைத் திருத்த, மேற்படி விளக்கத்தில் பதிவு பெற்ற நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் சேர்த்தால் போதும். தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள், கட்சி வித்தியாசமின்றி, அடுத்த கூட்டத்திலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவரலாம். இதனோடு கூடவே மாகாண சர்க்கார் செய்யத்தக்கது ஒன்று உண்டு: மருந்துத் தவறையும், தவறு நேர இருந்து தப்பியதையும் பெயர் சொல்லாமல் எழுதிப் போடுவதற்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஏற்பாடு செய்து, மாதம் ஒருமுறை டாக்டர், நர்ஸ், மருந்தாளர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து அவற்றைப் படிக்கவேண்டும் என்று உத்தரவு போடுவது. அதற்குப் பார்லிமெண்டு வேண்டாம். சுகாதார இலாகாவின் ஒரு சுற்றறிக்கையே போதும்.